தராசில் ஏறாத பிள்ளைகள்

தராசு காலையிலிருந்து சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. எழுபதாம் வருஷத்து மார்கழி மழை இலங்கை மலைநாட்டு மடுல்சீமையை விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில், பிள்ளைகளை நிறுக்கத் துணித்தொட்டில் கட்டிய அந்தத் தராசை நர்ஸ் இங்கிரிட் மிஸ்ஸி துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் துடைத்தாள். ஒரு தாயும் வரவில்லை. பக்கத்து டிவிஷனில் கக்குவான் இருமல் பரவிவிட்டது. அதற்கான ஊசி மருந்து ஐஸ் பெட்டிக்குள் காத்துக் கிடந்தது.

மிட்வைஃப் செசிலி பஞ்சு உருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். தோட்டம் முழுக்கத் தெரியும். தெரியாத ஒரே ஆள், நோர்வேயிலிருந்து இத்தனை தூரம் வேலைக்கு வந்திருக்கிற இந்த வெள்ளைக்காரி மட்டுந்தான்.

போன கிளினிக் நாளில் கொழுந்து பறிக்கிற றோசாலியின் மகனைத் தராசில் போட்டபோது மிஸ்ஸிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கி, வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் காட்டி, "எவ்வளவு குண்டு! எவ்வளவு அழகு! தோட்டத்தில் நம்பர் வன்!" என்று கற்ற தமிழையெல்லாம் அவன்மேல் கொட்டினாள். அவள் ஊரில் அது தாய்க்குச் செய்கிற மரியாதை. இங்கே அப்படியில்லை. றோசாலி பிடுங்காத குறையாகப் பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் மூடினாள். அன்று சாயந்தரமே பிள்ளைக்கு வயிற்றால் போனது. அவ்வளவுதான், மிஸ்ஸியின் நீலக்கண் பொல்லாத கண் என்று தொழிலாளர் வரிசைவீடுகளில் லயத்துக்கு லயம் பேச்சுப் பறந்தது.

"எல்லாரும் வருவாங்கன்னு நேத்து சொன்னீங்க, செசிலி."

"ஆமாங்க மிஸ்ஸி."

செசிலி எதற்கும் ஆமாங்கதான். துரைமார் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு. சொல்லாமல் இருப்பதுதான் நல்ல வேலைக்காரிக்கு அழகு என்று அவள் நினைத்திருந்தாள்.

மிஸ்ஸி தராசுத் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். "நான் நல்ல நர்ஸ் இல்லை. புதன்கிழமை பதுளை ஆபீசுக்குப் போறேன். வேற இடம் கேக்கப் போறேன்."

செசிலி பஞ்சைக் கீழே வைத்தாள். மாசமாயிருக்கிற செசிலியின் வீங்கிய கால்களைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தவள் இவள். இந்த டிஸ்பென்சரியில் இதுவரை யாரும் செசிலியை உட்காரச் சொன்னதில்லை.

"மிஸ்ஸி, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. புள்ளைகள அழகுன்னு சொல்லாதீங்க. உங்க நீலக்கண்ணு பட்டுரும்னு பயப்படுறாங்க."

மிஸ்ஸி திகைத்துப்போனாள். "நீங்க மாதா கோவிலுக்குப் போறவங்க. நீங்களுமா நம்புறீங்க?"

செசிலியின் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் கிடந்தது. அதோடு சேர்த்துக் கறுப்புக் கயிறும் கிடந்தது. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"நம்பிக்கை இல்லீங்க. பயம் இருக்கு. என் மொதப் புள்ளைய எல்லாரும் அழகுன்னாங்க."

அந்தப் பிள்ளை ஒரு வயதைக்கூடக் காணவில்லை என்பது மிஸ்ஸிக்குத் தெரியும். அவிழ்த்த துணியை அவள் மறுபடியும் தராசில் கட்டினாள்.

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"திட்டுங்க."

"புள்ளையையா?"

"ஆமாங்க. ஆசையாத் திட்டணும்."

காலித் தொட்டில் துணியைப் பார்த்து மிஸ்ஸி திட்டிப் பழகினாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வாய்க்குப் பழகிவிட்டது. மத்தியானம் இருவரும் தராசையும் ஐஸ் பெட்டியையும் சுமந்துகொண்டு லயத்துக்கே போய், றோசாலி வீட்டு வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பின் கூரை வளையில் தராசைக் கட்டினார்கள். வயிறு சுகமான பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தான். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

மிஸ்ஸி முகமெல்லாம் சிவக்கக் குனிந்தாள். "சீ! என்ன அசிங்கம்! சப்ப மூக்கு! எலிக்குஞ்சு!"

றோசாலி பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள். பிறகு குபீரென்று சிரித்தாள். "அவுங்கப்பன் மூக்கு மிஸ்ஸி, நா என்னா செய்ய!" என்றபடி அவளே பிள்ளையைத் தராசில் போட்டாள். இருட்டுவதற்குள் கொண்டுபோன மருந்து தீர்ந்துவிட்டது. புதன்கிழமை யாரும் பதுளைக்குப் போகவில்லை.

மாசியில் செசிலிக்குப் பெண் பிறந்தாள். மிஸ்ஸிதான் பிரசவம் பார்த்தாள். பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றித் திரும்பியவளின் உதடு ஏதோ சொல்லத் துடித்தது. செசிலி அந்த வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், பயமாகத்தான் இருந்தது.

"சீ" என்றாள் மிஸ்ஸி. குரல் உடைந்துபோயிற்று. "என்ன அசிங்கமான புள்ள, செசிலி."

சொல்லிவிட்டு, அதுவும் போதாதென்று, கண்களை இறுக மூடிக்கொண்டு பிள்ளையை நீட்டினாள். மூடிய இமைகளின் ஓரத்தில் கண்ணீர் கசிந்தது.

செசிலி பிள்ளையை வாங்கிக்கொள்ளவில்லை.

"பரவாயில்ல மிஸ்ஸி, கண்ணைத் தொறங்க. நல்லாப் பாருங்க."

மிஸ்ஸி மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.