பஜார் ஏற்றத்தில் ஒரு மஞ்சப்பை

ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்தை ஒரு தடவையாவது ஓடி முடிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இத்ரீஸுக்குக் கொள்ளை ஆசை. காலில் தெம்பு இருக்கிறது. ரோஷம்தான் தேவைக்கு மேலே இருக்கிறது. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்குத் தைலக்கடை. ஓட்டப் பாதை அந்த பஜார் ஏற்றம் வழியாகத்தான் போகும். அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் போதும், மனுஷன் பேய் துரத்துவது போலப் பறப்பார்.

போன வருஷப் போட்டியில் அப்படித்தான், பழக்கடைச் சண்முகராஜ், "என்ன பாய், அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்று கேட்டு வைத்தார். இவர் ஏற்றம் முழுக்கப் பறந்தார். வில்பட்டி போய்ச் சேருவதற்குள் கால் இழுத்துக்கொண்டது. ஜீப்பில் ஏற்றி வந்து இறக்கினார்கள். இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை.

இந்த வருஷப் பயிற்சியிலும் அதே கூத்து. ஏற்றத்தில் நடங்கள், வெள்ளிக்கிழமை காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று பயிற்சியாளர் ரோகிணி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது, "இன்னைக்கு ஓடலையா பாய்?" என்பார்கள். உடனே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"மச்சான், இந்தத் தடவையும் ஜீப்புல வந்து எறங்குனீங்கன்னா நான் கதவத் தெறக்க மாட்டேன்," என்றேன்.

"நடந்தா சிரிக்காங்களே சபுரா!"

"பையத் தூக்கிட்டு நடங்க. காய்கறிக்குப் போறவர எவன் சிரிப்பான்?"

அன்றிலிருந்து தோளில் ஒரு மஞ்சப்பை. ஏற்றத்தில் யாராவது பார்த்தால், "வீட்டுல கேரட் வாங்கியாரச் சொன்னா," என்பார். ஓய்வு நாளில் கேட்டால், "காய்கறிச் சோலி கெடக்கு." பொய்யாகிவிடக் கூடாதே என்று நிஜமாகவே வாங்கியும் வருவார். பொரியல், அல்வா, ஊறுகாய் என்று எல்லாம் செய்து, கேரட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது. ஆனால் அவருக்குக் கால்வலி போய்விட்டது.

போட்டிக்குப் பையோடு போனால் நன்றாகவா இருக்கும்? வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் கடை வாசலில் நின்றேன். மனுஷன் ஏற்றத்தில் நடந்துதான் வந்தார்.

சண்முகராஜ் கையைத் தட்டி, "என்ன பாய், பை எங்க? இன்னைக்கு கேரட் வாங்கலையா?" என்றார். பஜாரே சிரித்தது. அடப் பாவிகளா, எல்லாருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது!

இவர் நின்றுவிட்டார். காதெல்லாம் சிவந்துபோயிற்று. போச்சு, பறக்கப் போகிறார் என்று முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டேன்.

"வாங்கல. ஏத்தத்துல நடக்கேன், அம்புட்டுதான். போய்ச் சோலியப் பாருங்க," என்று அவரும் சிரித்துவிட்டு நடந்தார்.

சாயங்காலம், ஓட்டம் முடிகிற ஏரிக்கரையில், நேரம் முடியப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார். கடைசிக்கு முந்தின ஆள். ஆனால் ஓடி வந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடையிலிருந்து சண்முகராஜ், "இன்னைக்கு ஓடலையா பாய்?" என்றார்.

"ஓய்வு," என்றார் இவர். எழுந்திருக்கவே இல்லை.