பூஜையில் வைத்த மெஷின்

எங்கள் ஆஸ்பத்திரியின் ஷாக் மெஷினுக்கு நான் சந்தனம் தடவிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டிலிலிருந்த ஆண்டியப்பன் இடது பக்கம் இன்னொரு பொட்டு வைக்கச் சொன்னார். அறந்தாங்கி பஸ் டிரைவர். நெஞ்சுவலியோடு வந்து ஒன்பது நாளாகியிருந்தது. ஆயுதபூஜையன்று தன் பஸ்ஸுக்கு வேறொருவன் மாலை போடுகிறானே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த ஆசையை எங்கள் மெஷின் மேல் தீர்த்துக்கொண்டார். கம்பவுண்டரான நானும் குறை வைக்கவில்லை. கத்தரிக்கோல், ஊசி, மெஷின், நெஞ்சில் வைக்கும் அதன் இரண்டு தகடுகள் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன்.

மெஷின் வந்து எட்டு மாதம். தாறுமாறாகத் துடித்து ஓய்ந்துபோகும் இதயத்தைக் கரண்ட் கொடுத்து வழிக்குக் கொண்டுவருமாம். மதராஸில் அதைப் பழகிவந்த எங்கள் டாக்டர், நாடி நின்றால் மூன்று நிமிஷத்துக்குள் வைக்க வேண்டும், என்னைத் தேடி ஓடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரே வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். நன்றாகத் தலையாட்டினோம். சித்திரையில் ஒரு வாத்தியாருக்கு நாடி நின்றபோது எல்லோரும் டாக்டர் வீட்டுக்குத்தான் ஓடினோம். டாக்டர் வந்தபோது வாத்தியார் இல்லை. மனிதன் தானாகச் செத்தால் விதி என்பார்கள், நம் கையால் கரண்ட் வைத்துச் செத்தால் கொலை என்பார்கள். பயம் அதுதான். வெளியில் மட்டும், டாக்டரை முந்திக்கொள்வது மரியாதையா என்று பேசிக்கொண்டோம். சந்தனமேரி சிஸ்டர் ஒருத்திதான் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தலையணையைப் படுக்கவைத்துப் பழகுவாள். தலையணை பிழைத்ததா என்று நான் கேலி செய்வேன்.

அன்று பதினொரு மணிக்கு, மனைவி சொர்ணவல்லி கொடுத்த பொரியை வாயில் போடப்போன ஆண்டியப்பன் அப்படியே சாய்ந்தார். பொரி கட்டில் முழுக்கச் சிதறியது. மேரி ஓடிவந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதுகுக்கடியில் பலகையைத் தள்ளி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள். டாக்டர் குடும்பத்தோடு குடுமியான்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார்.

"பூசையில வச்சதுங்க சிஸ்டர். நாளைக்குத்தான் எடுக்கணும்," என்றேன். சரஸ்வதி மேல் அந்த நிமிஷம் எனக்கிருந்த பக்தி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மேரி கையை நிறுத்தவில்லை. "பழி எம்மேல இருக்கட்டும்ணே. நீங்க தள்ளிக்கிட்டு மட்டும் வாங்க."

அப்போதும் என் கால் நகரவில்லை. சொர்ணவல்லிதான் எழுந்துபோய்த் தேங்காய்த் தட்டை ஒதுக்கி, மெஷினிலிருந்த மாலையைக் கழற்றினாள்.

"அவரு இருந்தாத்தானுங்க எனக்குப் பூசை. தள்ளுங்க."

தள்ளினேன். வயரைச் சுவரில் செருகினேன். மேரி உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை நெஞ்சில் போட்டு இரண்டு தகடுகளையும் அழுத்திப் பிடித்தாள். சொர்ணவல்லி புருஷனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிருப்பவர் மேலும் கரண்ட் பாயும், காலை விட்டுத் தள்ளி நிற்கும்படி மேரி சொன்னதும் விட்டாள். அந்த வார்டில் அன்று யார் செய்ததிலும் அதுதான் பெரிய காரியம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. மேரி கண்ணைக் காட்டினாள், நான் பொத்தானை அழுத்தினேன். உடம்பு தூக்கிப்போட்டது. ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினேன்.

மேரி கழுத்தில் விரலை வைத்து வெகுநேரம் நின்றாள். "இருக்குண்ணே," என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். நான் ஓ என்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த டாக்டர், ஈரத் துணி வழியே இறங்கி நோயாளியின் நெஞ்சில் வட்டமாக ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். நாளைக் காலைவரை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் மேரி உட்கார்ந்தாள். நான் வாங்கிவந்த காப்பியை அவளால் பிடிக்க முடியவில்லை, பாதி யூனிபாரத்தில் சிந்தியது. சொர்ணவல்லி டம்ளரை வாங்கி, இன்னொரு கையால் அவள் தலையைத் தாங்கிப் புகட்டினாள். மேரி கண்ணை மூடிக் குடித்தாள். புகட்டியவள் பார்வை மட்டும் கட்டில் பக்கம் இருந்தது. புருஷன் நெஞ்சின் மேல் போர்வை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. டம்ளர் காலியான பிறகும் அவள் அதை மேரியின் வாயிலிருந்து எடுக்கவில்லை.