தனக்கொடியின் பங்காளிகள்

அம்மாவாசை கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப்பெட்டியை வெளியே இழுத்தார். பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. வீட்டுப் பத்திரம் உள்ளே இருந்தது. பெட்டியைத் திரும்பவும் உள்ளே தள்ளி, பழைய பாயைச் சுருட்டி அதற்கு முன்னால் போட்டு மறைத்துக்கொண்டிருக்கும்போது நடுவீட்டிலிருந்து குரல் வந்தது.

"பெரியவரே, எண்ணெ சீயக்கா வெக்கணும், வாங்க. எல்லாரும் காத்துகினு இருக்காங்க."

"வரேன் போங்க. செத்தவ எங்க ஓடிடப் போறா."

பக்கத்து வீட்டு அன்னக்கிளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அம்மாவாசை பேச்சு அப்படித்தான் என்று சாரம் பேட்டை முழுக்கத் தெரியும். பொண்டாட்டி தனக்கொடி உயிரோடு இருந்தால் "அவருக்கு வாயிதான் கெட்டது" என்று சொல்லிவைப்பாள். இன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

அவர் நடுவீட்டைத் தாண்டும்போது வாசலைத்தான் பார்த்தார். அவனுங்க இருந்தார்கள், முன்ரூமுக்குச் சாப்பிட வரும் பையன்கள். ஒருத்தன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஏணிமேல் நின்ற கஸ்தோன், பந்தல் துணியின் கயிற்றை முன்சுவரில் இருந்த நகராட்சியின் இரும்புப் போர்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அய்மான். முந்தாநாள் சாயங்காலம் தனக்கொடி அடுப்பங்கரையில் சாய்ந்தபோது அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களும் இவர்கள்தான். இன்று காலையில் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான்.

கூப்பிடாமல் இவ்வளவு வேலை எவன் செய்வான்? ஏதோ ஒன்று வேணும். அது என்ன என்று அம்மாவாசைக்குத் தெரியும்.

வீடு.

விஷயம் இதுதான். நகராட்சிக்கு ரொம்ப வருஷம் கழித்துத் தேர்தல் நடந்து, வார்டுக்கு வார்டு கவுன்சிலர் என்று ஆட்கள் வந்த புதுசு. சின்ன வயசிலேயே கேஸில் மாட்டிய பையன்களுக்கு ஒரு திட்டம் என்று சொன்னார்கள். தட்டாஞ்சாவடிக் கம்பெனிகளில் செம்புக் கம்பி அறுத்தவன், சைக்கிள் தூக்கியவன், இந்த மாதிரி. பையன்கள் ஜெயிலிலிருந்து விட்டாலும் போக இடமில்லாமல் திரும்பவும் அதே வேலைக்குப் போகிறார்களாம். சாயங்காலம் உட்கார ஒரு இடம், வயிற்றுக்குச் சோறு, ஒயரிங் வேலை சொல்லித்தர ஒரு ஆள். அதற்கு நகராட்சி பணம் ஒதுக்கியிருக்கிறது என்றார்கள். இடம் கேட்டு மதாம் ஏலிஸ் வந்தாள். பழைய பள்ளிக்கூட டீச்சர், பிரெஞ்சு பென்ஷன்காரி, கேஸ் பையன்களுக்காக நடையாய் நடக்கிறவள். தனக்கொடி முன்ரூமைக் கொடுத்துவிட்டாள். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலும் அவளே. கோர்ட்டில் பையனை விடுகிறபோது பெரியவங்க யாராவது பொறுப்பு எடுத்துக்கணும் என்றால், போய்க் கையெழுத்தும் அவளே போட்டாள்.

திறப்பு விழாவில் மைக்கில் ஒருத்தர் படித்தார். அம்மாவாசைக்கு மில் தறிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது, இன்னொன்றிலும் பாதிதான் மிச்சம். அந்தப் பாதிக் காதில் விழுந்தது: "இவ்வீட்டின் பங்காளிகளாக…"

அவருக்குத் திக்கென்றது. அன்றைக்குச் சாயங்காலம் தனக்கொடியும் சொன்னாள், "நம்ம பங்காளிங்க வந்துட்டாங்க, எலை போடணும்" என்று.

கஸ்தோன் என்று பேர் வைத்தவன் எப்படிப் பங்காளி ஆவான்? அய்மான் எப்படி ஆவான்? ஆவான். புதுச்சேரியில் எல்லாம் ஆகும். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன சமயத்தில் ஒரே கையெழுத்தில் பக்கத்துத் தெருக்காரன் பிரெஞ்சுக்காரன் ஆனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். காலையில் குமாஸ்தா, சாயங்காலம் வெள்ளைக்காரன். சர்க்கார் நினைத்தால் யாரையும் யாருக்கும் பங்காளி ஆக்கும். இவளும் போய்ப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். பிள்ளையில்லாத வீடு. பங்காளிக்குப் பங்கு உண்டு.

அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பயந்துவிட்டான் என்று தெரிந்துவிடும். பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினார். அவ்வளவுதான்.

தனக்கொடியின் தலையில் எண்ணெய் வைத்தார். நெற்றி சில்லென்று இருந்தது. விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

அண்ணன் மகன் கலியமூர்த்தி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தட்டாஞ்சாவடியில் சூப்பர்வைசர். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. தம்பியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு அம்மாவாசை பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"சித்தப்பா, சாப்டியா எதுனா?"

"பொணத்த வெச்சிகினு இன்னாத்த சாப்பிடறது?"

"அதுக்கில்ல. நீ தெம்பா இருக்கணும்ல. கொள்ளி நான் வெக்கறேன். மொட்டையும் நானே போட்டுக்கறேன். நீ இந்த வயசுல அலையாத."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? நான் உனக்குப் புள்ள மாதிரி. இந்த முன்ரூமை இடிச்சி ரெண்டு கடையா போட்டுட்டா…" கலியமூர்த்தி சுவரை மேலும் கீழும் பார்த்தான். "ரோட்டுப் பக்கம் பாரு. சும்மா விடலாமா?"

அம்மாவாசை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொள்ளி நானே வெப்பேன்" என்றார்.

"இன்னா சித்தப்பா…"

"எம் பொண்டாட்டி. நானே வெப்பேன். நீ ஒண்ணு பண்ணு. அதோ நிக்கறானுங்க பாரு, அவனுங்க ஒருத்தனும் பாடையத் தொடக் கூடாது. தோள் குடுத்துட்டு நாளைக்கு உரிமைன்னு வந்து நிப்பானுங்க."

"கேஸ்காரப் பசங்க கைய வெச்சா நான் உட்ருவனா?" என்றான் கலியமூர்த்தி. ஆனால் குரலில் முதலில் இருந்த சுருதி இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில் தெருவில் ஜீப் வந்து நின்றது. சபாரி போட்ட ஒருத்தர் இறங்கினார், கையில் மாலை. பின்னால் கேமராக்காரன். நகராட்சியிலிருந்து வந்திருக்கிறார்கள். மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, சபாரிக்காரர் வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"பங்காளிங்கல்லாம் இப்படி வாங்கப்பா. அம்மா தலமாட்டுல வரிசையா நில்லுங்க. ஒரு போட்டோ."

அம்மாவாசையின் காதில் அப்படித்தான் விழுந்தது. பொறுத்துப் பொறுத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது.

"எவன்டா பங்காளி? எவன் குடுத்தான் உங்களுக்குப் பங்கு? கஸ்தோனு எனக்குப் பங்காளியா? எங்க அப்பனுக்கு மாதாகோயில்ல எவ பெத்தா? என் வீட்ல செங்கல்லு ஒண்ணு ஒருத்தனுக்கும் கெடையாது!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். கேமராக்காரன் கேமராவை இறக்கினான். அய்மான் ஏதோ சொல்ல வாயெடுக்க, கஸ்தோன் அவன் கையைப் பிடித்தான்.

மதாம் ஏலிஸ் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தாள். அவருடைய பாதிக் காது பக்கமாகக் குனிந்தாள்.

"அம்மாவாசையண்ணே. பங்காளி இல்ல. ப-ய-னா-ளி."

"இன்னாது?"

"பயனாளி. சர்க்கார் வார்த்த. திட்டத்துல சோறு சாப்பிடறவங்களுக்கு அந்தப் பேரு. வேற ஒரு எழவும் இல்ல."

"பங்கு?"

"ஒரு பங்கும் இல்ல."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே அழ ஆரம்பித்தாள். அம்மாவாசை துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை நாள் தூக்கத்தில் கூடப் பெட்டிக்குக் காவல் இருந்தவர். இருந்தாலும் விடவில்லை.

"அப்ப இந்த ஆளு இன்னாத்துக்குப் போட்டோ எடுக்கறாரு?"

"அதை அவரைக் கேளுங்க" என்றாள் ஏலிஸ். சபாரிக்காரர் பக்கம் திரும்பியபோது குரல் மாறிவிட்டது. "சொல்லுங்க முசே. திட்டத்துக்குப் பணம் இல்லன்னு போன வருஷமே நிறுத்திட்டீங்க. அப்ப ஒரு கேமராவும் வரல."

சபாரிக்காரர் நெளிந்தார். "நான் இன்னா மேடம் பண்றது? மேல கடைசி ரிப்போர்ட்டு கேக்கறாங்க. மூடறதுக்கும் ஒரு முறை இருக்குல்ல. அந்தப் போர்டையும் கழட்டிக்கணும், அது நகராட்சிச் சொத்து."

"போர்டுல பந்தல் கட்டியிருக்கு" என்றார் அம்மாவாசை. "கழட்டுனா துணி பொணத்து மேல விழும். போயிட்டு அப்புறம் வா."

ஜீப் போய்விட்டது. மாலை மட்டும் கிடந்தது. அவர் அதைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு ஏலிஸைக் கூப்பிட்டார்.

"மதாமே. போன வருஷமே நின்னுபோச்சின்றியே. இவ தெனம் ஆக்கிப் போட்டாளே. அது எந்தச் சோறு?"

ஏலிஸ் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவனுங்கதான் அரிசி வாங்கிப் போட்டானுங்க அண்ணே. கஸ்தோனுக்கு ஒயரிங் வேல. அய்மானு லேத்துப் பட்டறைல இருக்கான். வேலைக்குப் போறவன்லாம் சேர்ந்து மூட்ட எடுத்துடுவானுங்க. புதுசா வெளிய வர்ற பசங்க பசியோட போவக் கூடாதுன்னு தனம் சொல்லிட்டா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. நீங்க கோவப்பட்டு எலையில கை வெக்க மாட்டீங்கன்னு."

அம்மாவாசை ஒரு வருஷமாக அந்தச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, சர்க்கார் அரிசி இப்பல்லாம் பரவாயில்லையே என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளும் ஆமாம் என்றிருக்கிறாள்.

வாய்க்கரிசிக்கு அன்னக்கிளி முறத்தில் அரிசி கொண்டுவந்தாள். அடுக்களை மூலையில் இருந்த மூட்டையிலிருந்து அள்ளியது. அவர் ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சன்ன அரிசி. குருணை இல்லை.

"போடுங்க பெரியவரே" என்றாள் அன்னக்கிளி.

போட்டார்.

பாடையைத் தூக்கும்போது கலியமூர்த்தியும் தம்பியும் முன்னால் பிடித்தார்கள். தெருக்காரர்கள் பின்னால். கஸ்தோன் கிட்டத்தில் வந்து, "ஐயா, தெருமுன வரைக்குமாவது…" என்றான்.

"வேணாம்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அந்த வார்த்தைதான் தயாராக இருந்தது. கஸ்தோன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டான். அவனுங்க எல்லாரும் கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நடந்து வந்தார்கள். அம்மாவாசை கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஓடிப்போனவன் ஒருத்தனும் இல்லை.

சுடுகாட்டில் சிதை எரிய ஆரம்பித்ததும் பரியாரி தண்ணீர்க் கிண்ணமும் கத்தியுமாகக் குழாயடியில் உட்கார்ந்தார். அம்மாவாசைக்கு மொட்டை அடித்து முடித்தார். கத்தியைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"பங்காளிங்க வாங்க. மீசை எடுக்கணும்."

கலியமூர்த்தி பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வா" என்றார் அம்மாவாசை.

"சித்தப்பா, நாளைக்குக் கம்பெனில பெரிய முதலாளி வராரு. மீசை இல்லாம போனா ஒரு மாதிரியா இருக்கும். கருமாதிக்கு எடுத்துக்கறேன்."

"காலைல மொட்டையே போட்டுக்கறேன்ன?"

"அது கொள்ளி வெச்சா. நீதான் வெச்சிட்ட." சொல்லிவிட்டு அவன் பைக்கைப் பார்த்து நடந்தான். தம்பிக்காரன் போனில் யாரிடமோ பேசுகிற மாதிரி அவன் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டான்.

பைக் சத்தம் ரோட்டில் கரைகிறவரை பரியாரி காத்திருந்தார். பிறகு கத்தியை மடக்கப் பார்த்தார்.

"பங்காளின்னு யாரும் இல்லையா சாமி?"

அம்மாவாசை எரிகிற சிதையைப் பார்த்தார். குழாய்க்கு அந்தப் பக்கம் சுவரோரமாக அவனுங்க நின்றுகொண்டிருந்தார்கள். கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"கெடக்கறானுங்க" என்றார். சுவர் பக்கம் திரும்பினார். "டேய் கஸ்தோனு. இங்க வா. எல்லாரையும் இட்டுகினு வாடா."

அவர் வாயிலிருந்து தன் பேர் வந்ததும் கஸ்தோன் அசையவில்லை. அய்மான்தான் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"குந்துங்க."

வரிசையாக உட்கார்ந்தார்கள். பரியாரி கஸ்தோன் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவனை எவனோ "அய்மானு" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்தது. அம்மாவாசையை நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்க எந்த வழியில சாமி பங்காளி?"

"அவ வழியில. நீ வேலையப் பாரு."

பரியாரி தண்ணீரைத் தொட்டார். கத்தி இறங்க இறங்க ஒவ்வொரு முகமும் சின்னதாகிப்போனது. கஸ்தோனுக்கு மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அய்மானுக்கு எடுக்கவே அதிகமில்லை, இந்த வருஷம்தான் முளைத்திருந்தது. பரியாரி இரண்டு இழுப்பில் முடித்துவிட்டு அடுத்தவனுக்கு நகர்ந்தார்.

அம்மாவாசை வரிசையோரமாக நடந்து ஒவ்வொருத்தன் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அய்மானிடம் வந்ததும் நின்றார். அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இன்னாய்யா வேல செய்ற? இந்த ஓரத்துல நிக்குது பாரு" என்றார் பரியாரியிடம்.

பரியாரி திரும்பி வந்து கிண்ணத்தில் விரலை நனைத்தார். அய்மான் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தான். அம்மாவாசை தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.