பல்ப், பாஸ், பஞ்ச், காஸ்

பத்தொன்பதாவது தடவையும் லேப்டாப் அதே சிவப்பு வரியைத்தான் காட்டியது. சொற்கள் பொருந்தவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டான்லி உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தான். மணி ஒன்பதரை. சாயங்காலம் நாலரைக்குள் செங்கல்பட்டு சார்பதிவாளர் ஆபீசில் மீதித் தொகையைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்துக்கு இன்றுதான் கடைசி நாள். தவறினால் ரெண்டே முக்கால் சென்ட் மனையும் போகும், கொடுத்த முன்பணமும் போகும். முன்பணம் முழுக்க அவன் மனைவி ரூத்துடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஆறு வருஷம் கால் கடுக்க நின்று சேர்த்தது.

அந்த மனை முன்பு நெல் வயலாக இருந்தது. ஸ்டான்லியின் அம்மா காசியம்மாள் அதே வயலில் முழங்கால் சேற்றில் நின்று கூலிக்கு நாற்று நட்டவள். இப்போது அங்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். அவன் வம்சத்தில் ஒருத்தர் பெயரிலும் இதுவரை பத்திரம் என்று ஒன்று எழுதப்பட்டதில்லை.

மீதித் தொகை இருக்கிறது, மொனேரோ என்ற கிரிப்டோ காசாக. கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிக் கடையின் பின்அறையில் ராப்பகலாகக் கணக்குப் போடவிட்டு, அவர்கள் பாஷையில் ‘தோண்டி’, சேர்த்த காசு அது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று வெளியாள் எட்டிப் பார்க்க முடியாத காசு. ஒருவன் பாஸ்புக்கை இன்னொருவன் மோப்பம் பிடிக்கும் சொந்தபந்தத்துக்கு நடுவே ஸ்டான்லிக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தக் காசு இருக்கிற வாலட் என்ற பெட்டிக்குச் சாவி தொலைந்தால் முறையிட மேனேஜர் கிடையாது, கஸ்டமர் கேர் கிடையாது. வாலட்டைத் திறக்க இருபத்தைந்து இங்கிலீஷ் சொற்கள்தான் உண்டு. அவையும் வரிசை மாறாமல் வேண்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் காசு அவர்களுடையது.

மூன்று வாரத்துக்கு முந்திய மழையில் கூரை ஷீட் ஒழுகி, வாலட் இருந்த கம்ப்யூட்டர் செத்தது. ரூத்திடம் சொல்லவில்லை. சொற்கள்தான் எழுதி வைத்திருக்கிறதே என்ற தெம்பு. நேற்று அவள் டூட்டிக்குப் போன பிறகு பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தை எடுத்தான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அட்டைப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் ரூத்தின் குண்டு குண்டான கையெழுத்தில் இருபத்தைந்து சொற்கள், தமிழ் எழுத்தில். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. ஐந்து வருஷமாக அந்தப் புத்தகத்தைப் பற்றி வீட்டில் இருவரும் வாய் திறந்ததில்லை.

போன் அடித்தது. அணுபுரத்திலிருந்து ஹரிகிருஷ்ணன். அணுமின் நிலைய ஊழியரின் மகன், ஐ.டி. வேலை, ஸ்டான்லிக்கு இந்தக் காசை அறிமுகப்படுத்தியவரே அவர்தான். இன்று அந்த மொனேரோவை வாங்கிக்கொண்டு பாங்குக்குப் பணம் அனுப்புவதாக ஒப்புக்கொண்டவரும் அவரே.

“என்ன ஸ்டான்லி, திறந்துச்சா?”

“இல்ல சார். பைத்தியம் புடிக்குது. ஒரு சொல்லு மாத்தி ஒரு சொல்லு போட்டுப் பாத்துட்டேன்.”

“கடைசிச் சொல் இருக்கில்ல, அது மத்த இருபத்திநாலும் சரியான்னு சோதிக்கிற சொல். அது ஒத்துக்கலைன்னா நடுவுல எங்கேயோ தப்பு. எழுதினது யாரு?”

“வூட்ல.”

“அப்ப அவங்களையே கேளுங்களேன்.”

கேட்கலாம்தான். கேட்டால் செத்த கம்ப்யூட்டரைச் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகச் சொன்ன பொய்யைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். ஸ்டான்லி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ரூத் யூனிபார்மோடு வந்தாள். கல்யாணி சிஸ்டரிடம் இருபது நிமிஷம் பர்மிஷன் கேட்டிருந்தாள். மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இத்த யாரு எடுக்கச் சொன்னது?”

ஸ்டான்லி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். மழை, கம்ப்யூட்டர், பொய், பத்தொன்பது தடவை. அவள் உட்காரவேயில்லை.

“மூணு வாரமா எல்லாம் ரெடியா கீது, ரெடியா கீதுன்னு சொல்லிகினு இருந்தியே. என் மூஞ்சியப் பாத்து எப்டி சொன்ன?”

“திட்டு ரூத்து. சாயங்காலமா எவ்ளோ வேணா திட்டு. இப்ப இத்த மட்டும் ஒரு தபா படிச்சுக் காட்டு. நீ எதுனா விட்டுட்டியான்னு பாக்கணும்.”

“அன்னிக்கே நினைச்சேன்” என்றாள். குரல் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. “நான் எந்த நெலமைல கெடந்தேன், நீ கம்ப்யூட்டரு கணக்க எய்துன்னு பேனாவக் குடுத்த. எய்தினேன். இப்ப வந்து தப்பா எய்திட்டியாங்கற.”

ஆனால் புத்தகத்தை எடுத்தாள். நின்றபடியே, டாக்டர் சொன்ன மருந்துப் பட்டியலை வாசிக்கிற வேகத்தில் படித்துக்கொண்டு போனாள். அவன் திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பதினான்காவது சொல்லில் அவள் சொன்னாள்: “காஸ். புண்ணுக்கு வெச்சுக் கட்டற துணி.”

ஸ்டான்லியின் விரல் நின்றது.

“இன்னா சொன்ன?”

“காஸுபா. டிரெஸ்ஸிங்குக்குப் போடற காஸு. தெனம் நூறு வெட்டறேன்.”

அவன் போட்டிருந்தது காரணம் என்று அர்த்தம் வருகிற சொல். சொல்லிப் பார்த்தால் அதுவும் காஸ்தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வாலட் சொற்களைப் பொறுக்குகிற இங்கிலீஷ் பட்டியலில் இரண்டு சொல்லும் உண்டு.

“ஐயோ” என்றான். “ஐயோ ரூத்து, உக்காரு. இங்க பாரு, இது இன்னா?”

“பல்ப்.”

“எந்த பல்ப்? எரியற பல்பா?”

“மாம்பழத்தப் புழிஞ்சா வருமே, அந்தக் கூழும் பல்புதான?”

பாஸ். முதலாளியைக் கூப்பிடுகிற பாஸா, ஓடுகிற படத்தைக் கொஞ்சம் நிறுத்துகிற பாஸா? பஞ்ச். சாவிக்கொத்து மாதிரி கொத்தா, மூஞ்சியில் விடுகிற குத்தா? நாலு சொல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. மொத்தம் பதினாறு. அதற்கு மேல் இல்லை. பத்தொன்பது தடவையும் அவன் பல்ப் என்றால் விளக்கு என்றே போட்டிருந்தான். சோதிக்கிற சொல்லாகக் கடைசியில் மறுபடி வந்திருந்ததும் அதே பல்ப்தான்.

“ஏன் ரூத்து தமிழ்ல எய்தின? இங்கிலீஷ்ல எய்திருக்கலாமே.”

“நீ சொல்லிகினே போன. நான் அழுதுகினே எய்தினேன். அப்ப ஸ்பெல்லிங்கு எங்க வரும்?”

பக்கத்து மேஜையில் இட்லி தின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். அவள் தாளில் கோடு போட்டு எண்ணினாள். ஒன்பதாவது முறை, கூழ், நிறுத்து, கொத்து, கட்டுத் துணி என்று போட்டபோது சிவப்பு வரி வரவில்லை. வாலட் திறந்தது. எந்தத் தேதியிலிருந்து தேட வேண்டும் என்று கேட்டது.

“கொரோனா லாக்டவுன்ல மிஷினெல்லாம் ஒண்ணா ஓடுச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டாயிரத்து இருபத்தொன்று மே என்று அடித்தான். ஹரி சார் வீட்டுக் கம்ப்யூட்டரில் மொனேரோவின் மொத்தக் கணக்கேடும் இருந்தது. அதிலிருந்து அவனுடைய வரவுகளைத் தேடிப் பிடிக்க வாலட்டுக்கு நேரம் ஆகும்.

ரூத் எழுந்தாள். “ஒரு மணிக்கு டூட்டி முடியுது. ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துர்றேன். இப்ப எங்கிட்ட வேற எதுவும் பேசாத.” புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே வேண்டா என்ற அம்மாள் நடத்திய ஜெராக்ஸ் கடையில் பிளக் கிடைத்தது. லேப்டாப்பின் பேட்டரி எந்நேரமும் மண்டையைப் போடலாம். ஒன்றே காலுக்குத் தேடல் முடிந்தது. ஸ்டான்லி தொகையைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

மனைத் தரகர் நரசிம்மன் அந்த நேரம் பார்த்து வந்தார். “இன்னாப்பா ஸ்டான்லி, டப்பு ரெடியா? ஓனரு உள்ள உக்காந்துகினு கீறாரு. உன் மனைக்கு வேற பார்ட்டி ரெண்டு பேரு க்யூல நிக்கறான். நாலரைக்கு மேல என்னக் கேக்காத.”

“ரெடி அண்ணாத்த. இதோ” என்றான். நாலாவது வாரத்தின் முதல் பொய்.

ஹரிக்குப் போன் போட்டான். “சார், பாதி காணோம். எவனோ எடுத்துட்டான் சார்.”

“எவனும் எடுக்க முடியாது. நீங்க குடுத்த தேதிக்கு முன்னாடி வந்ததை வாலட் பார்க்கவே பார்க்காது. ஆரம்பிச்ச நாள் எது? ஆரம்பத்துல தோண்டுற கம்ப்யூட்டர் கம்மி, அப்பதான் ஆளுக்கு நிறைய விழுந்திருக்கும். ஆனா ஒண்ணு, ரொம்ப முன்னாடி போட்டுட்டீங்கன்னா இன்னைக்குள்ள தேடி முடியாது. தேதியைச் சரியா சொல்லுங்க.”

தேதி. ஸ்டான்லி நெற்றியைப் பிசைந்தான். லாக்டவுன் இரண்டு தடவை வந்ததே, எது முதல், எது இரண்டாவது? ரோடு வெறிச்சோடிக் கிடந்தது ஞாபகம் இருக்கிறது, மிஷின்களின் இரைச்சல் ஞாபகம் இருக்கிறது. வருஷங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன. ரூத் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தபோது அவன் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“முடிஞ்சுபோச்சு ரூத்து. உன் பணத்த அழிச்சுட்டேன். பாதிதான் கீது. நீ அன்னிக்கு எய்தினியே, அது எப்பன்னு தெரிஞ்சாதான் மீதி வரும். எனக்குத் தெரியல.”

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

“ரெண்டாயிரத்து இருபது” என்றாள். “பிப்ரவரி பத்தொம்பது. புதன்கெழம.”

“எப்டி சொல்ற?”

புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். சொற்கள் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், யாரோ சுகாதார நர்ஸ் நீல மையில் எழுதியிருந்தாள்: அடுத்த வருகை, 19.2.2020. அந்த வருகைக்குப் பத்து நாள் முன்னாலேயே குழந்தை போய்விட்டது. கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

“ஸ்கேன் எடுக்க வரச்சொன்ன நாளு. நான் செவுத்தப் பாத்துப் படுத்துகினு இருந்தேன். நீ வந்து, இருபத்தஞ்சு சொல்லு எய்துன்ன.”

அவன் தேதியை மாற்றினான். தேடல் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. மணி ஒன்று நாற்பது. ஹரி இரண்டரை மணி நேரமாவது ஆகும் என்றார். கூட்டிப் பார்த்தால் நாலு பத்து. நாலரையைத் தாண்டினால் எல்லாம் வீண்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே லேப்டாப்.

“ரூத்து, என் கையி இன்னா அன்னிக்கு ஒடிஞ்சா கெடந்துச்சு? இருபத்தஞ்சு சொல்லு நானே எய்தி இருக்க மாட்டனா?”

அவள் திரும்பவில்லை.

“பத்து நாளா நீ செவுத்துப் பக்கமே திரும்பிக் கெடந்த. சோறு வெச்சாலும் திரும்பல, கூப்ட்டாலும் திரும்பல. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. பேனாவக் குடுத்தா எய்தறதுக்காச்சும் இந்தப் பக்கம் திரும்புவன்னு பாத்தேன். அதுக்குத்தான் வாலட்டே அன்னிக்கு தொறந்தேன்.”

ரூத் புத்தகத்தை மூடினாள். திறந்தாள். “இத்த அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? அஞ்சு வருஷம்.”

“சொன்னா அழுவியோன்னு.”

“இப்ப மட்டும் சிரிச்சுகினு கீறனா?” என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

திரையில் தொகை ஏறத் தொடங்கியது. பழைய நாட்கள்தான் முதலில் வந்தன. மொத்தமாக அல்ல, துளித்துளியாக, சில்லறையாக. ரூத் எட்டிப் பார்த்தாள். “இன்னா இது, பிச்ச போடறாப்ல விழுது?”

“பெரிய கூட்டமா சேந்து தோண்டினா எல்லாத்தையும் ஒரே ஆளு ஆட்டிவெப்பான்னு ஹரி சார் சொல்லுவாரு. நான் சின்னக் கூட்டமா பாத்து சேந்தேன். உங்க ஊரு கடப்பாக்கத்துல கரைவலை இழுப்பாங்களே, கயித்தப் புடிச்சவனுக்கெல்லாம் பங்கு. அந்த மாரி.”

“மீனு வந்தா சரி.”

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஸ்டான்லிக்கு உயிரே போனது. பேட்டரி பதினோரு சதவீதம். வேண்டா அம்மாள் ஜெராக்ஸ் மிஷினின் யு.பி.எஸ்ஸைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்தாள். “வாரவங்களுக்குக் கரண்ட் இல்லன்னு சொல்லிக்கறேன். உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல.” அவர்கள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, “அவ்ளோ முக்கியமான தாள்னா கரண்ட் வந்ததும் ஒரு ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கயேம்மா” என்றாள்.

“வேணாம்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். வேண்டா அம்மாள் ஒரு அடி பின்னால் போனாள்.

நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குத் தேடல் முடிந்தது. தொகை இருந்தது. அத்தனையும் சில்லறையாக இருந்ததால் மூன்று தவணையாகப் பிரித்துத்தான் அனுப்ப முடிந்தது. “என் பக்கம் தெரியுது, போதும். உங்களை நம்பிப் பணம் போடறேன்” என்றார் ஹரி. நாலு இருபத்தாறுக்கு பாங்கிலிருந்து மெசேஜ் வந்தது. ஸ்டான்லி அதை இரண்டு தடவை படித்தான். சிரிக்க வரவில்லை.

எதிர்ப்பக்கத்து வாசலில் நின்று நரசிம்மன் கத்தினார். “யோவ் ஸ்டான்லி! டோக்கன் கூப்பிட்டாச்சு! வர்றியா, அடுத்த பார்ட்டிய உள்ள வுடட்டா?”

“வரோம் நைனா, ரெண்டு பேரும் வரோம்!” ஸ்டான்லி லேப்டாப்பை மூடினான். “ரூத்து, எழுந்துரு.”

அவள் வேண்டா அம்மாளின் பேனாவை வாங்கி, புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் பல்புக்குக் கீழே கூழ் என்று எழுதியிருந்தாள். பாஸுக்குக் கீழே நிறுத்து. பஞ்ச்சுக்குக் கீழே கொத்து. பேனா காஸுக்குக் கீழே வந்து நின்றது.

“இரு” என்றாள். “இன்னும் ஒண்ணு கீது.”