பதினாலாம் வீட்டின் ஐந்தாவது பிள்ளை

என் அப்பா வீரமுத்துவைத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யார் விற்றார்கள் என்பதுதான் தெரியாது. கிருஷ்ணம்மா என்ற விதவை ஒரு படி தவிடு கொடுத்து வாங்கி வளர்த்தாராம். "தேடாத, தேன்மொழி, வளர்த்த அம்மா தேட வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்பார் அப்பா. எழுபத்தெட்டு வயது மனிதருக்குத் தன்னைப் பெற்றவர்களின் பெயர் தெரியாது என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்?

அவருடைய பழைய ஐசி அடையாள அட்டையில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம், தொழிலாளர் லயத்தில் பதினைந்தாம் நம்பர் வீடு. அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன் கமலநாதன் இன்னும் டவுனில்தான் இருக்கிறார். நாற்பத்தேழில் அங்கே குடிக்கணக்கு எடுத்தது அவருடைய அப்பா. வீட்டில் தங்கிவிட்ட நகலைக் கொண்டுவந்து காட்டினார். பதினாலாம் வீட்டில் அர்ச்சுனன், அஞ்சலை. அடுத்த வரியில் 'வீரமுத்து, மூன்று மாதம்' என்று எழுதி, அதை அடித்துவிட்டுப் பதினைந்தாம் வீட்டில், கிருஷ்ணம்மா பெயருக்குக் கீழே சேர்த்திருந்தது.

"அந்த வீட்டுல நாலு பிள்ளைங்க வரிசையா செத்துப் போச்சும்மா. இது அஞ்சாவது" என்றார் கமலநாதன். "நம்ம ஆளுங்க செய்வாங்கல்ல, பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்துட்டா, எமன் தேடி வந்தாலும் பிள்ளை அந்த வீட்டுல இருக்காது. எங்கப்பா அது தெரியாம தாய் வீட்டுலயே எழுதிட்டாரு. அந்தப் பேர அடிங்க, இது என் பிள்ளை இல்லன்னு அந்தம்மா எங்கப்பா கால்ல விழுந்தாங்களாம். ரவிக்கையெல்லாம் பால்ல நனைஞ்சிருந்துச்சாம்."

தான் வேண்டாத பிள்ளை என்றல்லவா அப்பா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்!

நேராகத் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. முதல் நாள் மழையில் தரையெல்லாம் சேறு. வாசல்படிகள் மட்டும் வரிசையாக மிஞ்சியிருந்தன. எண்ணிப் பார்த்துப் பதினாலாவதில் ஏறி நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா! நீங்க அர்ச்சுனனோட பிள்ளை! பதினாலாம் நம்பர் வீட்டு வீரமுத்து!" சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். லைன் அறுந்துபோனது.

திரும்பினால் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"பதினாலாம் வீட்டுல அஞ்சாவது ஒண்ணு இருந்துச்சா?" என்று கேட்டார். கூட்டல் பிசகிப்போன வாத்தியார் கேட்பது போல இருந்தது.

"இருந்துச்சாவா? இப்பவும் நல்லா இருக்காரு!"

"எங்க?"

உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பின் பெயர், தெரு, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அத்தனை பெருமை எனக்கு. வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். படிகள் மட்டுமே இருந்தன.

வீட்டில் அப்பா நாற்காலியில் சரிந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது.

"யார்கிட்டயாச்சும் அட்ரஸ் குடுத்தியா? என் பேரச் சொல்லி யாரோ கூப்பிடுறாங்கம்மா. கை காலெல்லாம் ஜில்லுன்னு போகுது."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல வெயில். தெருக்கோடியில் அந்த வெள்ளைச் சட்டை ஒவ்வொரு வீட்டு நம்பராகப் படித்துக்கொண்டே வந்தது.

புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பக்கத்து வீட்டு ஐலீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐலீன், எங்கப்பாவ வாங்கிக்க! தவிடு இருக்கா?"

"அலமாக், என்னக்கா சொல்றீங்க? ஓட்ஸ்தான் இருக்கு."

"அதையே குடு!"

என் முகத்தைப் பார்த்தவள் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கை ஓட்ஸை அள்ளி வந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். "இனிமே இவரு உன் வீட்டு ஆளு" என்றேன். பின்வாசல் வழியாக அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

முன் கேட்டில் குரல் கேட்டது. "வீரமுத்து இருக்காரா?"

"அப்படி யாரும் இங்க இல்ல."

"அர்ச்சுனன் மகன். உங்க அப்பா."

என் அப்பாதான் என்று கத்தத் தோன்றியது. அதை நிரூபிக்கத்தானே ஊரெல்லாம் அலைந்தேன்! கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அஞ்சலை எப்படித்தான் அந்த வார்த்தையைச் சொன்னாளோ.

"எனக்கு அப்பா இல்லைங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐலீன் வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனார்.

அப்பா தேறிவிட்டார். ஐலீன் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். ஆனால் அந்த வெள்ளைச் சட்டை எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. சில நாள் பகலில் மூலைக் கடையோரம் நிற்கும், யாருக்காகவோ காத்திருப்பதுபோல.

நேற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

நான் முதலில் தெருவைப் பார்த்தேன்.

"சாப்பிட்டேன், அங்கிள்" என்றேன்.