திருப்பிப் பிடித்த லென்ஸ்

தைனான் நகரில், ஏற்றுமதிக்கான ஆர்க்கிட் பூந்தொட்டிகளோடு லாரி கிளம்ப நின்றது. கடைசித் தொட்டியின் இலையில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் பண்ணைக்காரி பெய்ஷான் அதைக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் புள்ளி உயிருள்ள செம்பேன் பூச்சி என்றால், துறைமுகச் சோதனையில் சரக்கு முழுவதையும் அழித்துவிடுவார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தும் தூசியா, பூச்சியா என்று பிடிபடவில்லை.

கல்யாணப் படம் எடுக்கும் அவள் தம்பி ஷூவென், கேமராவின் லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பிக் கேமராவின் வாயிலேயே அழுத்திப் பிடித்தான்.

“என்னடா, தலைகீழா வைக்கிற?”

“அதுக்குன்னு தனி லென்ஸ் வாங்க நீயா காசு தரப்போற? இப்படிப் பிடிச்சா இதுவே பெரிசாக் காட்டும்க்கா. டார்ச்ச ஆட்டாம பிடி.”

உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் சாய்த்துத்தான் புள்ளியைத் தெளிவாக்க முடிந்தது. மூச்சை அடக்கி இரண்டு படம் எடுத்தான். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

முதல் படத்தில் புள்ளி இலை நரம்புக்கு இந்தப் பக்கம் இருந்தது. அடுத்ததில் அந்தப் பக்கம்.

“உன் கை ஆடியிருக்கும்டா.” பெய்ஷானின் குரல் கெஞ்சியது.

“கை ஆடினா நரம்பும் சேர்ந்துல்ல நகரணும்? இது நரம்பத் தாண்டிப் போயிருக்குக்கா.”

டார்ச்சைக்கூட அணைக்காமல் அவள் லாரியை நிறுத்த ஓடினாள்.