அம்பாசிடர் டியூப்

எனக்குக் கோபம் ஜாஸ்தி, தைரியம் கம்மி. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவன் கத்துவான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டான். நான் அப்படிப்பட்ட ஆள்.

திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் எனக்கு டயர் கடை. துறைமுகத்துக்குள் நுழைய மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள்தான் என் பிழைப்பு. கடைக்குப் பின்னாலேயே வீடு. நானும் என் மகள் நர்மதாவும் மட்டும். அவள் அம்மா போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நர்மதாவுக்கு இருபது வயது, லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருந்தாள். டயர் நாற்றத்திலேயே வளர்ந்தவள் என்பதால் பஞ்சரின் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவாள்.

ஸ்டானிஸ்லாஸ் ராயபுரத்துக்காரர், கப்பல் இன்ஜினியர். ஊரில் எல்லோரும் சம்பாத்தியத்தில் மாடி கட்டினால் இவர் ஜப்பானிலிருந்து ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து இறக்கினார். மொத்தமே இரண்டு சீட்டு. இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதில் கருவாடு வாங்கக்கூடப் போக முடியாது என்று அவர் சம்சாரம் ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காருக்கு அகல டயர் போட வேண்டும் என்று 2001 தை மாசம் என்னிடம் வந்தார்.

"நீ சொல்லு தண்டபாணி. நான் சிங்கப்பூர்ல வாங்கியாறேன். எவ்ளோ அகலம் போடலாம்?"

ஒரு இன்ஜினியர் என்னிடம் யோசனை கேட்கிறார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கனத்துவிட்டது. அட்டையை டயர் அகலத்துக்கு வெட்டி, சக்கரத்துக்கு மேலே மட்கார்டுக்குள் விட்டு விட்டுப் பார்த்தேன். அவர் எடுத்த எடுப்பில் 245 மில்லிமீட்டர் அகலம் கேட்டார். "உரசும் அண்ணே. ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு தடவ ஏறி எறங்கினா டயர் சைடு கிழிஞ்சிடும்" என்றேன். 225 அட்டையை விட்டால் ஒரு விரல் இடைவெளி மிஞ்சியது. முன்னாடி 195, பின்னாடி 225 என்று முடிவு செய்தோம். அவர் காட்டிய படத்தில் பாதி டயர்கள் மொழுமொழுவென்று இருந்தன, ரேஸுக்கு ஓட்டுவதாம். "மழ பெஞ்சா எர்ணாவூர்ல முட்டி வரிக்கும் தண்ணி நிக்குது. அகல டயரு தண்ணி மேல தூக்கினு போயிடும். நடுவுல ஆழமா வெட்டு இருக்கறதா பாத்து எடு" என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த யோசனையில் ஒரு குறையும் கிடையாது. தப்பு நடந்தது பிறகுதான்.

ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை நாலு டயரும், நாலு புது அலாய் சக்கரமும் கடைக்கு வந்தன. எல்லாம் பதினைந்து அங்குலம், டியூப்லெஸ். காற்றை டயரும் சக்கரமும் சேர்ந்தே பிடித்துக்கொள்ளும், உள்ளே டியூப் கிடையாது. வழுவழுவென்று இருந்த அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் பட்டணத்துக்குள் மெஷின் வைத்திருக்கிற கடைக்கு அனுப்பியிருக்கலாம். "ஆள் ஒசர டயர மாத்தறவன் நானு, இது இன்னா பெரிய வேல" என்று ஸ்டானிஸ்லாஸிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சாயங்காலம் வருகிறேன் என்று காரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று சக்கரம் சரியாக ஏறியது. நாலாவதில், பின்பக்கம் இடது சக்கரத்தில், டயர் விளிம்பு உள்ளே இறங்க மாட்டேன் என்றது. எனக்கு வந்ததே கோபம். லாரி டயருக்குப் போடும் நெம்புகோலை எடுத்துப் போட்டு ஏறி மிதித்தேன். டயர் உள்ளே போனது, கூடவே சக்கரத்தின் உதடும் மடங்கியது. காற்றடித்து சோப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்தில் நுரை நுரையாக வந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. அந்தச் சக்கரம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

சொல்லியிருக்கலாம். 'அண்ணே, கெடுத்துட்டேன்' என்று இரண்டு வார்த்தை. அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். அலமாரியில் ஒரு அம்பாசிடர் டியூப் இருந்தது. அம்பாசிடர் சக்கரமும் பதினைந்து அங்குலம். ஆனால் அதன் டயர் ஒல்லி. அதற்குள் இருக்க வேண்டிய டியூபை அவ்வளவு அகல டயருக்குள் விட்டுக் காற்றடித்தால் ரப்பர் இழுபட்டு மெலிந்துவிடும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகமாகப் போனால் உள்ளே உரசி, சூடேறி, ஒரு நொடியில் வெடிக்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தேதான் போட்டேன்.

வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. வால்வைக் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் உள்ளே போகும், டியூப் இல்லாத சக்கரத்தில் அது அசையாது. அதை யார் அழுத்திப் பார்க்கப் போகிறார்கள்?

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் வந்து என்னைக் கட்டிக்கொண்டு காரை எடுத்துப் போனார். அப்புறம் கடையைப் பெருக்க வந்த நர்மதா ஒரு காலி அட்டைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னா நைனா, அம்பாசிடர் டியூப்பு யாருக்கு போட்ட?"

"டாக்சி ஒண்ணு வந்துச்சி."

"காலைலேர்ந்து டாக்சியே வரலியே."

"வந்துச்சின்னா வந்துச்சி. போய் வேலயப் பாரு" என்று கத்தினேன். அவள் பெட்டியை மடித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை முடித்த கையோடு எட்டு மணிக்கே ஸ்டானிஸ்லாஸ் கார் கடை வாசலில் நின்றது. "ஏறு. டயர செலக்ட் பண்ணவன் நீ, மாட்டினவன் நீ. மணலி புதுநகர் தாண்டினா ஞாயித்துக்கெழமைல ரோடு காலி. ஒரு நூத்தி இருவது பாத்துட்டு வந்துடலாம்."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஏறினேன். சீட்டு தரையோடு தரையாக இருந்தது. இடது பக்க சீட்டு, அந்த இடது சக்கரம் சரியாக என் முதுகுக்குப் பின்னால். முதலில் எர்ணாவூர் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று திருப்பினார். எண்பது வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், வளைவில் எப்படி ஒட்டிக்கொண்டு போகிறது பார் என்றார். எனக்கு அவர் குரலே கேட்கவில்லை. என் காது முழுக்க முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ரப்பர் இன்னும் கொஞ்சம் இழுபடுவது என் உடம்புக்குள் நடப்பது போலிருந்தது. வலது பக்கம் கடலரிப்புக்குப் போட்ட கருங்கல் குவியல். வெடித்தால் அதில்தான் போய் மோதுவோம் என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணே, வயிறு ஒரு மாரி வலிக்குது. என்ன வூட்ல வுட்டுடு."

"இன்னாபா, இப்டி பேஜாரு பண்ற" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். கடை வாசலில் இறங்கியதும் மூச்சு வந்தது. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அவரைப் பற்றி நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. தனியாகத்தானே போகிறார், ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது நர்மதா வாசலுக்கு வந்தாள். பட்டுப் புடவை, தலையில் பூ. மீஞ்சூரில் அவள் தோழிக்கு நிச்சயதார்த்தம், ரயில் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மீஞ்சூரா? நான் அந்தாண்டதான் போறேன். ஏறும்மா, எறக்கி வுட்டுட்றேன்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை மடியில் எடுத்து வைத்தாள். பெல்ட்டை இழுத்து மெதுவாக மாட்டினாள். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. அந்த நேரம் முழுக்க அவள் கண் என்மேல்தான் இருந்தது. சொன்னால் நேற்றிலிருந்து சொன்ன பொய் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும், அதுவும் மகள் எதிரில். இன்ஜின் உறுமியது.

"மெதுவா போங்க" என்றேன்.

கார் போய்விட்டது. திருப்பத்தில் சிவப்பு மறைந்த பிறகுதான் நான் ரோட்டுக்கு ஓடினேன். என்ன செய்தேன் நான்? பெற்ற பெண்ணை அந்தச் சீட்டில் உட்காரவைத்து அனுப்பிவிட்டேன். "நர்மதா" என்று ரோட்டில் நின்று கத்தினேன். லாரி வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் பண்ணலாம் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது.

பக்கத்துக் கடை ஹுமாயூன், பிரேக் வேலை பார்ப்பவன், தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எடுறா வண்டிய. நர்மதா அந்தக் கார்ல போறா. டயர் வெடிக்கப் போவுது."

"இன்னா மாமு ஒளர்ற? புது டயரு ஏன் வெடிக்கும்?"

"உள்ள அம்பாசிடர் டியூப்பு கீதுடா. நான்தான் போட்டேன்."

முதல்முறையாக வாயை விட்டு வெளியே வந்தது, சொல்ல வேண்டாத ஆளிடம். ஹுமாயூன் துணியை வீசிவிட்டு வண்டியை உதைத்தான்.

அந்த வழியில் எத்தனை தடவை செத்தேன் என்று எனக்கே தெரியாது. ரோட்டோரம் கறுப்பாக ரப்பர் துண்டு கிடந்தது, நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். லாரி டயர், பழையது. சாத்தாங்காடு தாண்டி ஒரு கூட்டம். பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், யாரோ கூச்சல் போட்டார்கள். ஹுமாயூனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவன் முதுகில் புதைத்துவிட்டேன்.

"மாமு, தண்ணி லாரி. கொடம் புடிக்கிறாங்க" என்றான் அவன்.

மணலி தாண்டியதும் ரோடு உண்மையாகவே காலியாகிவிட்டது. காலி ரோட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். எனக்கு அது அவர் சொன்ன நூற்றி இருபதாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் ஆகிவிட்டதே, இனி நான் போய்ப் பார்க்கப் போவது என்ன என்று வாய்விட்டே புலம்பினேன். வேண்டாத தெய்வம் கிடையாது, மேரி மாதாவையும் சேர்த்துத்தான்.

மணலி புதுநகருக்குச் சற்று முன்னால், லாரிகளுக்கு எடை போடும் இடத்தில், சிவப்பாகத் தெரிந்தது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டி நிற்பதற்குள் குதித்து விழுந்து எழுந்து ஓடினேன்.

கார் ஜாக்கியில் நின்றிருந்தது. இடது பின்சக்கரம் கழற்றித் தரையில் படுக்கவைக்கப்பட்டிருந்தது, டயர் முழுசாக. ஸ்டானிஸ்லாஸ் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் கரி அப்பியபடி, ஸ்டெப்னியாக வைத்திருந்த பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நர்மதா எடைமேடைத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ அப்படியே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தொட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். டயரின் தோளில் கை வைத்தேன். இறக்கி இவ்வளவு நேரம் ஆகியும் சூடு குறையவில்லை. அவர் கட்டைவிரலால் வால்வை அழுத்தினார். அது உள்ளே போய் வந்தது.

"எப்டி தெரிஞ்சிது அண்ணே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவர் நர்மதாவைப் பார்த்துவிட்டு நட்டு முடுக்கப் போய்விட்டார்.

"எனக்கு நேத்தே தெரியும் நைனா" என்றாள் அவள். "பொட்டியப் பாத்தப்பவே தெரியும். காலைல நீ வயித்த புட்ச்சினு எறங்கினப்ப நல்லாவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சா ஏன்டி ஏறின? செத்திருந்தா இன்னா பண்றது?" கோபம் வந்துவிட்டது எனக்கு. அப்போதும் வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. "நான் உக்காந்தா நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். எனக்காவவாச்சும் சொல்லுவேன்னு. மணலி தாண்டற வரிக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே வந்தேன். அப்புறம் நானே சொல்லிட்டேன்."

"மெதுவா போங்கன்னு சொன்னேனேம்மா."

"அது கேட்டுச்சி நைனா" என்றாள்.

மீஞ்சூர் போகும் பஸ் ஒன்று வந்தது. அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஹுமாயூன் பைக்கில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டானிஸ்லாஸ் மடங்கிய சக்கரத்தை என்னிடம் தூக்கிக் கொடுத்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினோம். வழியெல்லாம் அந்த டயர் என் தொடையில் சுட்டுக்கொண்டே வந்தது. முதுகுக்குப் பின்னால் இப்போது வெடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் அவள் மீஞ்சூரிலிருந்து வந்து கதவைத் தட்டுவாள், வீட்டில் அதைத் திறக்க என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.